எதிரில் இல்லாத டாங்கி: கவச எதிர்ப்பு ஹெலிகாப்டரின் நோக்கமும் களப்பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

டாங்கி முதலான கவச ஊர்திகளை வானிலிருந்து அழிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஹெலிகாப்டர்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவாயின. இவற்றின் வரலாறு பொதுவாகப் பனிப்போர்க்கால ஐரோப்பாவின் டாங்கி அச்சத்திலிருந்து தொடங்கப்படுகிறது. அத்தொடக்கம் பாதி உண்மையே என்பது இக்கட்டுரையின் வாதம். ஹெலிகாப்டரில் ஏற்றப்பட்ட முதல் டாங்கி எதிர்ப்பு ஏவுகணை, டாங்கியே இல்லாத ஒரு களத்தில் பயன்பட்டது. பின்னர் வந்த பெரும்பாலான களங்களிலும் எதிரில் நின்றது டாங்கிப்படை அன்று. இவ்விடைவெளியைக் காட்டும் சான்றாக ஏவுகணைகளின் வெடிமுனை மாற்றங்களை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: தாக்குதல் ஹெலிகாப்டர், டாங்கி எதிர்ப்பு ஏவுகணை, அல்ஜீரியப் போர், வியட்நாம் போர், அப்பாச்சி, மி-24, வெடிமுனை, இராணுவ வரலாற்றெழுதியல்

முன்னுரை

போர்க்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைச் செய்தவர்களின் நோக்கிலிருந்தே எழுதப்பட்டு வருகிறது. எத்தேவைக்காக ஒரு கருவி கோரப்பட்டது, எந்நிறுவனம் அதனை வரைந்தது, எந்நாளில் அது முதன்முதலாகப் பறந்தது என்னும் வரிசையில் நூல்கள் நகர்கின்றன. அக்கருவி யார்மீது ஏவப்பட்டது என்ற வினா பின்னிணைப்பின் அளவிலேயே நின்றுவிடுகிறது. கவச எதிர்ப்பு ஹெலிகாப்டரைப் பொறுத்தவரையில் இம்முறை கூடுதலான குழப்பத்தை விளைவிக்கிறது. ஏனெனில், அதன் பெயரிலேயே ஓர் இலக்கு அடங்கியிருக்கிறது. 'டாங்கி கொல்லி' என்று பெயரிட்டவுடன், அதன் முன்னே ஒரு டாங்கி நிற்பதாகப் படிப்பவர் கருதிக்கொள்கிறார்.

இக்கட்டுரை அக்கருதுகோளைக் களந்தோறும் சோதிக்க முயல்கிறது. அல்ஜீரியா, வியட்நாம், மேற்கு ஜெர்மனி, ஆப்கானிஸ்தான், தெற்காசியா, ஈராக் ஆகிய களங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. எல்லாக் களங்களுக்கும் சம இடம் தரப்படவில்லை. வாதத்திற்கு வேண்டிய அளவே ஒவ்வொன்றும் பேசப்படுகிறது.

சொல்லாட்சி குறித்து ஒரு குறிப்பு. ஈழத்து இதழியல் தமிழில் 'உலங்கு வானூர்தி' என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. பேச்சு வழக்கில் 'ஹெலி' என்பதே அங்குப் பெருவழக்கு. தமிழகத்தில் எழுத்திலும் பேச்சிலும் 'ஹெலிகாப்டர்' என்றே வழங்குகிறது. இக்கட்டுரை இப்பொது வழக்கையே கையாள்கிறது.

குகைகளை நோக்கிய ஏவுகணை

1954 முதல் 1962 வரை நிகழ்ந்த அல்ஜீரிய விடுதலைப் போரில்தான் ஹெலிகாப்டர் முதன்முதலாகப் பெருமளவில் ஒரு தாக்குதல் கருவியாக மாற்றப்பட்டது. பிரெஞ்சுப் படையினர் மலைமுகடுகளில் வீரர்களை இறக்குவதற்கு ஹெலிகாப்டர்களைப் பயன்படுத்தினர். இறங்கும் இடத்தில் காத்திருந்த விடுதலைப் படையினரின் துப்பாக்கிச் சூட்டை அடக்குவதற்குத் துணைக்கருவி தேவைப்பட்டது. பிரெஞ்சு வான்படையின் கர்னல் ஃபெலிக்ஸ் புரூனே போன்றோர் சிகோர்ஸ்கி எச்-34 வகை ஹெலிகாப்டரில் 20 மில்லிமீட்டர் பீரங்கியைப் பொருத்திச் சோதித்தனர். அது 'கடற்கொள்ளையன்' எனப் பொருள்படும் 'பிராத்' என்னும் பெயரால் வழங்கியது.

நம் நோக்கிற்கு இன்றியமையாதது இதனை அடுத்து நிகழ்ந்தது. பிரான்சில் 1950களில் உருவான எஸ்எஸ்-10, எஸ்எஸ்-11 ஆகியன கம்பிவழியே வழிநடத்தப்படும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள். தரையில் நிற்கும் காலாட்படை வீரர், தம்மை நோக்கி வரும் டாங்கியைத் தாக்குவதற்காக இவ்வகை ஏவுகணை தோன்றியது. இதனை அலூவெட் II என்னும் சிறிய ஹெலிகாப்டரில் பொருத்தியபோது, டாங்கி எதிர்ப்பு ஏவுகணை ஏந்திய முதல் ஹெலிகாப்டர் பிறந்தது. ஆனால், அல்ஜீரிய தேசிய விடுதலை முன்னணியிடம் டாங்கிகள் இல்லை. செங்குத்தான மலையிடுக்குகளில் இருந்த குகைகளே இலக்காயின. விமானத்திலிருந்து வீசப்படும் குண்டு குகைவாயிலைத் துல்லியமாக எட்டாது; கம்பிவழியே கையால் திருப்பப்படும் ஏவுகணை எட்டும். ஆகவே, கவசத்தைத் துளைப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி, பாறைக்குள் பதுங்கிய மனிதரைத் தேடிச் சென்றது.

தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் இந்நிகழ்வை ஒரு 'சோதனைக் கட்டம்' என ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பின்வந்த களங்களை நோக்கும்போது, இதனைச் சோதனை என்பதைவிட முன்மாதிரி என்பதே பொருந்தும்.

வானைப் பங்கிட்ட உடன்பாடுகள்

அமெரிக்காவில் இக்கருவி உருப்பெற்ற கதையில் எதிரியின் டாங்கிக்கு இணையாக இடம்பெறுவது, அந்நாட்டுப் படைகளுக்கிடையே நிலவிய பங்காளிப் பூசல். 1947இல் வான்படை தரைப்படையிலிருந்து தனியே பிரிந்தது. யாருக்கு எந்தப் பணி என்பதை வரையறுக்க 1948 மார்ச்சில் கீ வெஸ்ட் நகரில் பாதுகாப்புச் செயலர் ஜேம்ஸ் ஃபாரஸ்டல் தலைமையில் படைத்தலைவர்கள் கூடினர். தரைப்படைக்கு வானிலிருந்து நெருக்கமான துணைத்தாக்குதல் வழங்கும் பொறுப்பு வான்படைக்குரியது என்று முடிவாயிற்று. 1952இல் எட்டப்பட்ட மற்றோர் உடன்பாடு, தரைப்படை வைத்துக்கொள்ளும் நிலைச்சிறகு விமானத்தின் வெற்று எடை 5,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,270 கிலோகிராமைத் தாண்டலாகாது என வரம்பிட்டது. ஹெலிகாப்டருக்கு அவ்வெடை வரம்பு விதிக்கப்படவில்லை.

இவ்விலக்கின் விளைவு பெரிது. தனக்கெனத் தாக்குதல் விமானம் வேண்டும் என விரும்பிய தரைப்படைக்குத் திறந்திருந்த வழி ஹெலிகாப்டர் ஒன்றே. 1962இல் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்நமாராவின் தூண்டுதலால் அமைந்த ஹௌஸ் குழு, தரைப்படைக்கு வான்வழிப் படைப்பிரிவுகளைப் பரிந்துரைத்தது. ஆயுதம் ஏந்திய ஹெலிகாப்டர்களைக் கொண்டு எதிரியின் கவசப்படையைத் தடுத்து நிறுத்தும் ஒரு படையணியும் அப்பரிந்துரையில் இடம்பெற்றிருந்தது. 1966 ஏப்ரலில் கையெழுத்தான ஜான்சன்–மெக்கானல் உடன்பாட்டின்படி, தரைப்படை தன் கரிபூ வகைப் போக்குவரத்து விமானங்களை வான்படைக்கு விட்டுக்கொடுத்தது. ஹெலிகாப்டர்மீதான உரிமைகோரலைப் பெரும்பாலும் வான்படை கைவிட்டது. பாகப்பிரிவினைப் பத்திரம் போன்ற இவ்வாவணத்தைப் படிக்காமல் தாக்குதல் ஹெலிகாப்டரின் வடிவத்தை விளக்கமுடியாது என்பதே என் கருத்து.

இச்சூழலில் தொடங்கப்பட்டதே லாக்ஹீட் நிறுவனத்தின் ஷயான் திட்டம். 1967 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்த இவ்வூர்தி, வாலில் தள்ளுவிசைச் சுழலியும் பக்கங்களில் சிறு சிறகுகளும் கொண்டது. விமானத்திற்கு நெருங்கிய ஒன்றை ஹெலிகாப்டர் என்னும் பெயரில் பெறும் முயற்சி என அதனைச் சொல்வது மிகையன்று. 1969இல் நேர்ந்த விபத்தில் அதன் விமானி உயிரிழந்தார். அவ்வாண்டு மே மாதம் உற்பத்தி ஒப்பந்தமும், 1972 ஆகஸ்டில் முழுத்திட்டமும் கைவிடப்பட்டன. இதற்கிடையே, தன் பணி பறிபோவதை உணர்ந்த வான்படை, தரைத் துணைத்தாக்குதலுக்கென ஒரு விமானத்தைத் தானே கோரியது. பின்னாளில் டாங்கி அழிப்புக்குப் பெயர்பெற்ற ஏ-10 அவ்வழி வந்தது. ஷயான் படைப் பயன்பாட்டுக்கு வராமல் போயினும், அதனைக் கண்ட அச்சம் ஒரு விமானத்தைப் பெற்றெடுத்தது.

ஷயான் தாமதமானதால் இடைக்கால ஏற்பாடாக வந்தது பெல் நிறுவனத்தின் ஏஎச்-1ஜி கோப்ரா. இதன் முன்மாதிரி 1965 செப்டம்பரில் பறந்தது. 1967இல் வியட்நாமை அடைந்தது. முன்னிருந்து நோக்குவோருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமே தெரியும் ஒடுங்கிய உடலும், ஒருவர்பின் ஒருவராக அமரும் இரு இருக்கைகளும் பின்வந்த பெரும்பாலான தாக்குதல் ஹெலிகாப்டர்களுக்கும் இலக்கணமாயின. வியட்நாமுக்குச் சென்ற கோப்ராவில் டாங்கி எதிர்ப்பு ஏவுகணை இல்லை. இயந்திரத் துப்பாக்கியும் கையெறிகுண்டு ஏவியும் ராக்கெட்டுகளுமே இருந்தன. காட்டுக்குள் மறைந்த காலாட்படையே அதன் இலக்கு.

1972: ஒரே ஆண்டில் இரு சான்றுகள்

1972 மார்ச் இறுதியில் வடவியட்நாம் படைகள் டாங்கிகளுடன் தென்வியட்நாமுக்குள் நுழைந்தன. அதுவரை கெரில்லாப் போராக நடந்துவந்தது, ஒரு பகுதியிலேனும் கவசப்போராக உருமாறியது. ஆன் லாக் நகரில் ஏப்ரல் மாதம் கோப்ராக்கள் கவசம் துளைக்கும் முனை பொருத்திய ராக்கெட்டுகளால் டி-54 டாங்கிகளைத் தாக்கின. அம்மாத இறுதியில், சோதனைக்கென டோ ஏவுகணைகள் பொருத்தப்பட்டிருந்த இரு யூஎச்-1பி ஹெலிகாப்டர்கள் அவசரமாக வியட்நாமுக்கு அனுப்பப்பட்டன. மே 2ஆம் நாள் அவை கான்டும் நகருக்கு அருகே நான்கு டாங்கிகளை அழித்தன. மே 26ஆம் நாள் கான்டுமுக்குள் புகுந்த டாங்கிகளையும் தாக்கின. அக்குறுகிய காலத்தில் அவ்விரண்டு ஹெலிகாப்டர்களும் இருபதுக்கும் மேற்பட்ட டாங்கிகளை அழித்ததாகப் பதிவாகியுள்ளது.

மே 2இல் அழிந்த அந்நான்கு டாங்கிகள் சோவியத் நாட்டில் செய்யப்பட்டவை அல்ல. அவை எம்-41 வகையைச் சேர்ந்தவை. அமெரிக்கா தென்வியட்நாமுக்கு வழங்கி, வடவியட்நாம் படைகள் கைப்பற்றியவை. அமெரிக்கத் தரைப்படையின் வான்வழி டோ ஏவுகணை முதன்முதலாக வீழ்த்தியது அமெரிக்க டாங்கியை. இச்செய்தி நூல்களில் மறைக்கப்படவில்லை. ஆயினும் அதன்மேல் எவரும் நின்று பேசுவதில்லை.

அதே ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் ஆன்ஸ்பாக் பகுதியில் அமெரிக்க, ஜெர்மானிய, கனடியப் படைகள் இணைந்து ஒரு களச்சோதனை நடத்தின. உண்மையான வெடிபொருள் இன்றி, தாக்கங்களைக் கருவிகள் பதிவு செய்தன. ஓர் ஹெலிகாப்டர் இழப்புக்குச் சுமார் 18 கவச ஊர்திகள் வீழ்ந்தன என்னும் விகிதம் வெளிவந்தது. இவ்வெண் பின்னர் ஆயுதக் கொள்முதல் விவாதங்களிலும் இராணுவ இதழ்களிலும் மீண்டும் மீண்டும் மேற்கோளாயிற்று. தன் மலைகளையும் மரவரிசைகளையும் அறிந்த தற்காப்பாளர், முன்கூட்டியே தெரிந்த வழியில் வரும் டாங்கிகளை மறைவிலிருந்து தாக்கும் காட்சியே அங்குச் சோதிக்கப்பட்டது. அதற்கு அவ்வெண் சான்றாகலாம். வேறு நிலத்திற்கும் வேறு போருக்கும் அதனை எடுத்துச்செல்ல இடமில்லை. எனினும் அவ்வெண் எடுத்துச்செல்லப்பட்டது. கான்டுமில் உண்மையாக நடந்ததைவிட ஆன்ஸ்பாக்கில் ஒத்திகை பார்த்ததே அடுத்த தலைமுறை ஊர்தியின் வடிவத்தை உறுதி செய்தது.

ஜெர்மானிய நிலத்துக்காக ஓர் ஊர்தி

1973 அக்டோபர்ப் போரில் சினாய்ப் பாலைநிலத்தில் எகிப்தியக் காலாட்படையின் ஏவுகணைகள் இஸ்ரேலிய டாங்கிகளுக்குப் பேரிழப்பை உண்டாக்கின. டாங்கியை ஏவுகணை வெல்லும் என்னும் நம்பிக்கை அதனால் வலுப்பெற்றது. ஷயான் கைவிடப்பட்ட அதே ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை புதிய தாக்குதல் ஹெலிகாப்டருக்கு விண்ணப்பம் கோரியிருந்தது. ஹியூஸ் நிறுவனத்தின் மாதிரி 1975 செப்டம்பர் 30இல் பறந்து, 1976 டிசம்பரில் தேர்வாயிற்று. அதுவே ஏஎச்-64 அப்பாச்சி. 1984இல் அதன் முதல் ஊர்திகள் படையிடம் ஒப்படைக்கப்பட்டன.

அப்பாச்சியின் ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு குறிப்பிட்ட நிலமும் ஒரு குறிப்பிட்ட எதிரியும் பதிந்துள்ளன. டோ ஏவுகணையைச் செலுத்துபவர் அது இலக்கைத் தொடும்வரை பத்து விநாடிகளுக்கும் மேலாகக் குறிநோக்கை விலக்காமல் இருக்கவேண்டும். அதுவரை ஹெலிகாப்டரும் வெளிப்பட்டே நிற்கவேண்டும். சோவியத் டாங்கிப் படைகளுடன் செல்லும் ஷில்கா என்னும் நான்குகுழல் 23 மில்லிமீட்டர் எதிர்வான் பீரங்கிக்கு அந்நேரம் போதுமானது. ஆகவே, லேசர் ஒளிப்புள்ளியைத் தேடிச் செல்லும் ஹெல்ஃபயர் ஏவுகணை உருவாக்கப்பட்டது. வேறொருவர் ஒளிப்புள்ளியை இலக்கின்மேல் பாய்ச்சினால், ஹெலிகாப்டர் குன்றின் பின்னிருந்தே ஏவலாம். எட்டு கிலோமீட்டர் அளவுக்கு நீளும் அதன் வீச்செல்லை ஷில்காவின் எல்லைக்கு அப்பாற்பட்டது. சுழலித் தகடுகள் 23 மில்லிமீட்டர்க் குண்டுபட்டும் முறியாதவாறு வடிவமைக்கப்பட்டன. மைய ஐரோப்பாவின் மூடுபனிக்கும் நீண்ட குளிர்கால இரவுக்கும் ஏற்ப இரவுநோக்குக் கருவிகள் பொருத்தப்பட்டன. பதினாறு ஏவுகணைகளைச் சுமக்கும் இவ்வூர்தி, ஃபுல்டா கணவாய் வழியே அலையலையாக வரும் டாங்கிகளை எண்ணியே உருவானது.

மேற்கு ஜெர்மனி ஆறு ஹாட் ஏவுகணைகள் கொண்ட பிஓ-105 ஹெலிகாப்டர்களையும், பிரிட்டன் டோ பொருத்திய லிங்ஸையும், பிரான்ஸ் ஹாட் ஏந்திய கசெல்லையும் இதே நோக்கத்துடன் நிறுத்தின. அந்தப் போர் நிகழவே இல்லை. நிகழாத போருக்கான ஏற்பாடு என்பதாலேயே அது வீண் என்று கூறுதல் சரியன்று. அச்சுறுத்தித் தடுப்பதே அதன் வேலை என்போர் வாதத்திலும் பொருளுண்டு. இவ்விடத்தில் நோக்கத்தக்கது வேறு. ஃபுல்டாவில் பயன்படாத ஊர்திகள் கிடங்கில் உறங்கவில்லை. அவை வேறு நிலங்களுக்குச் சென்றன.

மி-24: ஆப்கானிஸ்தானும் தெற்காசியாவும்

சோவியத் வடிவமைப்பாளர் மிகயில் மில் வேறொரு கருத்திலிருந்து தொடங்கினார். காலாட்படையைச் சுமந்து போரிடும் கவச ஊர்தியைப் போன்ற ஒன்று வானில் பறக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். 1969 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்த மி-24, எட்டு வீரர்களைச் சுமக்கும் அறையையும், டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளையும், ராக்கெட் கலங்களையும் ஒருங்கே கொண்டது. இதன் சேவையை முழுமையாகக் காணாமலே 1970 ஜனவரியில் மில் மறைந்தார். 1977–78இல் எத்தியோப்பியாவுக்கும் சோமாலியாவுக்கும் நடந்த ஒகாடன் போரில் இவ்வூர்தி களம் கண்டது.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தபின், மி-24இன் பெயர் அந்நாட்டு மலைகளோடு பிணைந்தது. முஜாஹிதீன்களுக்கு எதிராக ஏவுகணையைவிட ராக்கெட்டும் துப்பாக்கியுமே அதிகம் பயன்பட்டன. 57 மில்லிமீட்டர் ராக்கெட்டுகள் மண்சுவர்களுக்கும் பாறைகளுக்கும் போதாமையால் 80 மில்லிமீட்டர் ராக்கெட்டுகள் இடம்பிடித்தன. 1986 செப்டம்பரில் ஜலாலாபாத் அருகே ஸ்டிங்கர் ஏவுகணைகள் ஹெலிகாப்டர்களை வீழ்த்தத் தொடங்கியபின், அவை பறக்கும் உயரமும் முறையும் மாறின. அல்ஜீரியக் குகையின் கதை இங்கே மறுபடியும் வேறுருவில் நிகழ்ந்ததை வெடிமுனை குறித்த பகுதியில் காண்போம்.

இவ்வூர்தியின் ஏற்றுமதி வடிவமான மி-25ஐ இந்திய வான்படை 1980களின் முற்பாதியில் பெற்றது. பஞ்சாப், இராஜஸ்தான் எல்லைகளில் பாகிஸ்தானின் கவசப்படையை எதிர்கொள்வதே அக்கொள்முதலின் பொருள் எனக் கொள்ளலாம். ஆனால், 1987 அக்டோபரில் தொடங்கிய பவன் நடவடிக்கையின்போது அமைதிகாக்கும் படைக்குத் துணையாக மி-25கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மேல் பறந்தன. பனந்தோப்புகளும் வேலிகளும் நெருங்கிய குடியிருப்புகளும் கொண்ட அந்நிலத்தில் டாங்கிப்படை என ஒன்று எதிரே இருக்கவில்லை. இலங்கை வான்படை 1995இல் மி-24களை வாங்கித் தனிப்படைப்பிரிவு அமைத்தது; அதன் எதிரியும் கவசப்படை அன்று.

ஈழத்து எழுத்துகளை ஆய்வோர் இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளவேண்டும். 1980களின் நினைவுகளில் 'ஹெலி' என்று வருவதெல்லாம் ஒரே ஊர்தியன்று. அப்பதிற்றாண்டில் இலங்கை வான்படை இயந்திரத் துப்பாக்கி பொருத்திப் பயன்படுத்திய பெல் 212 அடிப்படையில் ஒரு போக்குவரத்து ஹெலிகாப்டர். மி-25, மி-24 ஆகியன கவசப்போருக்கெனப் பிறந்தவை. கீழே பதுங்கியிருந்தவர்க்கு இரண்டும் தலைக்குமேல் எழும் ஒலியே. வரலாற்றாய்வுக்கு இரண்டும் வெவ்வேறு ஆவணங்கள். ஆண்டையும் ஊர்தியையும் பொருத்திப் பார்க்காமல் நினைவு எழுத்தைச் சான்றாகக் கொள்வது பிழைக்கு இடந்தரும்.

டாங்கிகள் இருந்த களங்கள்

எதிரில் டாங்கிகள் நின்ற போர்களும் உள. அவற்றை விடுத்தால் வாதம் ஒருதலையாகிவிடும். 1980–88 ஈரான்–ஈராக் போரே இவற்றுள் நீண்டது. மன்னராட்சிக் காலத்தில் ஈரான் அமெரிக்காவிடமிருந்து 202 ஏஎச்-1ஜே கோப்ராக்களை வாங்கியிருந்தது. அவற்றுள் 62 டோ ஏவுகணை செலுத்தும் திறனுடையவை. புரட்சிக்குப்பின் உதிரிபாகங்கள் நின்றுபோன நிலையிலும், அவை ஈராக்கின் கவசப்படையை எதிர்த்தன. ஈராக்கும் கசெல்களையும் மி-25களையும் ஈடுபடுத்தியது. 1982இல் லெபனானில் இஸ்ரேலின் கோப்ராக்களும் 500எம்டி டிஃபெண்டர்களும் சிரிய டாங்கிகளைத் தாக்கின. சிரியாவின் கசெல்கள் இஸ்ரேலிய டாங்கிகளைத் தாக்கின. ஃபுல்டாவுக்கென வகுத்த போர்முறை மேற்காசியாவில் இருபுறமும் செயற்பட்டது என்று கூறலாம்.

1991 வளைகுடாப் போர் அப்பாச்சியின் வெற்றிக்களமாகக் கொண்டாடப்படுகிறது. எனினும், ஜனவரி 17ஆம் நாள் அதிகாலை அப்போரின் தொடக்கத் தாக்குதலில் அப்பாச்சிகள் ஹெல்ஃபயரைச் செலுத்தியது மேற்கு ஈராக்கின் இரு ரேடார் நிலையங்களின்மீது. தரைப்போர் பிப்ரவரி 24இல் தொடங்கியபின்னரே டாங்கி அழிப்பு பெருமளவில் நிகழ்ந்தது. அதற்குள் ஈராக்கியப் படைகள் ஐந்து வாரங்களுக்கும் மேலாகக் குண்டுவீச்சில் நொறுங்கியிருந்தன. அழிந்த டாங்கிகள் எத்தனை என்பதில் நூலுக்கு நூல் எண் மாறுகிறது. ஒரே டாங்கியை விமானி, ஹெலிகாப்டர் குழு, தரைப்படை மூவரும் தத்தம் கணக்கில் சேர்ப்பதற்கு இடமிருந்தது. பிப்ரவரி 17 இரவு ஓர் அப்பாச்சி, தன் நாட்டுக் கவச ஊர்திகளையே எதிரியுடையவை எனக் கருதித் தாக்கியதில் இரு அமெரிக்க வீரர்கள் மாண்டனர். வெப்பநோக்குக் கருவியில் சூடான ஓர் உருவம் தெரியும். அது யாருடையது என்பது தெரியாது.

1999இல் கொசோவோ நெருக்கடியின்போது அல்பேனியாவுக்கு அனுப்பப்பட்ட 24 அப்பாச்சிகள் ஒருமுறைகூடப் போரில் இறங்கவில்லை. பயிற்சியின்போதே இரண்டு வீழ்ந்தன. உண்மையான சோதனை 2003 மார்ச் 23–24 இரவு வந்தது. 11ஆம் தாக்குதல் ஹெலிகாப்டர் படைப்பிரிவின் முப்பது அளவிலான அப்பாச்சிகள், கர்பலா அருகே மதீனா டிவிஷனின் டாங்கிகளைத் தேடிச் சென்றன. இது பனிப்போர்க்கால ஆழத் தாக்குதல் கோட்பாட்டின்படி அமைந்த தாக்குதல்: இரவு, எதிரியின் பின்புலத்தில் ஆழ ஊடுருவல், இலக்கு கவசப்படை. ஆனால், அவை பறந்தது காட்டின்மேலும் குன்றின்மேலும் அன்று, நகர்ப்புறக் குடியிருப்புகளின்மேல். ஊரின் மின்விளக்குகள் சில விநாடிகள் அணைந்து மீண்டும் எரிந்தன என்று அமெரிக்கத் தரைப்படையின் வரலாறு பதிவு செய்கிறது. அச்சைகையை அடுத்து, கூரைகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் துப்பாக்கிகளும் எதிர்வான் பீரங்கிகளும் ஒருசேர வெடித்தன. ஓர் அப்பாச்சி வீழ்ந்து, அதன் இரு விமானிகளும் சிறைப்பட்டனர். திரும்பியவற்றுள் ஏறத்தாழ அனைத்தும் குண்டுபட்டிருந்தன. அழிக்கப்பட்ட கவச ஊர்திகள் மிகச் சில. ஷில்காவைத் தாங்குவதற்கெனச் செய்யப்பட்ட ஊர்தியைத் திருப்பியனுப்புவதில் பெரும்பங்கு ஆற்றியவை சாதாரணத் துப்பாக்கிகள்.

வெடிமுனை என்னும் ஆவணம்

ஒரு கருவியின் உண்மையான இலக்கு யாது என்பதை அறிய, அதிகாரிகளின் கூற்றைவிட வெடிமுனையின் வடிவம் நம்பத்தக்க சான்று. டாங்கி எதிர்ப்பு ஏவுகணையின் முனையில், உலோகத்தகடு போர்த்திய கூம்புவடிவக் குழி ஒன்று வெடிமருந்தில் அமைந்திருக்கும். வெடிக்கும்போது அவ்வுலோகம் மெல்லிய தாரையாகக் குவிந்து கவசத்தைத் துளைக்கும். ஆற்றல் முழுவதும் ஒரே திசையில் செல்வதால், சுற்றிலும் சிதறும் தாக்கம் ஒப்பளவில் குறைவு. திறந்தவெளியில் பரவி நிற்கும் மனிதர்களுக்கோ, அறைகள் பல கொண்ட கட்டடத்திற்கோ அது பொருத்தமான வெடிமுனை அன்று.

எனவே, டாங்கிகளைத் தாக்குவது மட்டுமே பணியாயிருந்தால் அவ்வெடிமுனையை மாற்றவேண்டிய தேவை கவசத்தின் தடிப்பு கூடும்போது மட்டுமே எழுந்திருக்கும். அவ்வகை மாற்றமும் நிகழ்ந்தது: ஹெல்ஃபயருக்கு இரட்டை வெடிமுனை வந்தது. ஆனால், அதற்கு இணையாக மற்றொரு வரிசையும் நீள்கிறது. மி-24வி ஏந்திய ஷ்தூர்ம் ஏவுகணைக்கு வெப்ப-அழுத்த வெடிமுனை கொண்ட வடிவம் ஒன்று செய்யப்பட்டது. காற்றில் எரிபொருளைப் பரப்பி எரிக்கும் இவ்வகை, குகை, பதுங்குகுழி, அறை போன்ற மூடிய இடங்களுக்குரியது. டாங்கிக்கு அதனால் பெரும்பயன் இல்லை. ஹெல்ஃபயரிலும் கட்டடங்களுக்கும் படகுகளுக்கும் ஏற்ற வெடிப்பு வடிவம், சிதறல் உறை சூட்டிய வடிவம், ஈராக்கில் 2003இல் பயன்பட்ட வெப்ப-அழுத்த வடிவம் எனப் பெருகின. ஏவுகணையின் உடலும் ஒளிதேடும் முகமும் அப்படியே இருக்க, முனை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. புதிய எதிரியின் உருவம் அந்த முனையில் எழுதப்பட்டிருக்கிறது.

முனை மாறாமலே இலக்கு மாறிய நிகழ்வுகளும் பல. 1992 பிப்ரவரி 16இல் தென்லெபனானில் ஹிஸ்புல்லா தலைவர் அப்பாஸ் மூசவி சென்ற வாகனவரிசையை இஸ்ரேலிய அப்பாச்சிகள் தாக்கின. அவருடன் அவர் மனைவியும் மகனும் உயிரிழந்தனர். குறிப்பிட்ட ஒருவரைக் கொல்வதற்குப் போர் டாங்கிக்கென அளவிட்ட ஏவுகணை பயன்படும் முறை, பாலஸ்தீனப் பகுதிகளில் 2000 நவம்பருக்குப்பின் வழக்கமாயிற்று. இங்கு ஏவுகணையின் மதிப்பு அதன் துளைக்கும் ஆற்றலில் இல்லை. அல்ஜீரியக் குகைவாயிலில் போலவே, குறிதவறாமையில் இருந்தது.

கர்பலாத் தோல்விக்குப்பின் ஈராக்கில் அப்பாச்சி பெரும்பாலும் காலாட்படையுடன் இணைந்து நகரங்களின்மேல் வட்டமிட்டது. அப்பணியில் பெரிதும் பயன்பட்டது மூக்கின்கீழ்த் தொங்கும் 30 மில்லிமீட்டர் சங்கிலிப் பீரங்கி. இதன் குண்டு இருநோக்கு வகையைச் சேர்ந்தது: காலாட்படையைச் சுமக்கும் இலகு கவச ஊர்தியின் தகட்டைத் துளைக்கவேண்டும், அருகிருக்கும் வீரர்மேல் சிதறவும் வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு. 2007 ஜூலை 12ஆம் நாள் கிழக்கு பாக்தாதின் ஒரு தெருவில் இரு அப்பாச்சிகள் அப்பீரங்கியால் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் இரு பணியாளர்களும் அவர்களுள் அடங்குவர். காயமுற்றவரை எடுத்துச்செல்ல வந்த ஒரு வேன்மீதும் சுடப்பட்டது. அதற்குள் இருந்த இரு குழந்தைகள் காயமடைந்தனர். 2010 ஏப்ரலில் வெளியான அப்பாச்சியின் காணொளிப் பதிவில் குறிநோக்குக் கோடுகளுக்கிடையே அந்த வேன் தெரிகிறது. வார்சா உடன்படிக்கை நாடுகளின் கவச ஊர்தியை இருளிலும் மூடுபனியிலும் தேடிக் கண்டறிவதற்கென வடிவமைக்கப்பட்ட குறிநோக்குக் கருவியின் வழியே, பகல்வெளிச்சத்தில் எடுக்கப்பட்ட பதிவு அது.